மீன்தொட்டித் தண்ணீரை யார் தூக்குவது?

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், ஊரார் வாயில் திருப்பாப்புலியூரில், எங்கள் வீட்டு மாடியில் மூன்றடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குத் தண்ணீர் மாற்றுவது வழக்கம். கால் பங்குத் தண்ணீரை எடுத்து, பக்கெட் பக்கெட்டாகக் கீழே கொண்டுபோய்க் கொட்டி, அதே அளவு புதுத் தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். சில ஆண்டுகள் நான்தான் தூக்கினேன். ஒருநாள் குனிந்த இடத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, "நீங்க வுடுங்க தம்பி, நா தூக்கினு போறேன்" என்றார். விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம், தளும்பிச் சிந்திய தண்ணீரில் படியில் கால் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டதும் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவர் வேலை பார்த்த மற்ற இரண்டு வீடுகளிலும் அந்த ஆறு வாரச் சம்பளம் நின்றுபோனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

தண்ணீர் பார்ப்பதற்குப் பாரமாகத் தெரியாது. இரும்பையோ அரிசி மூட்டையையோ பார்த்தால் உடம்பு தானாகவே எச்சரிக்கை ஆகிவிடும்; தண்ணீரைப் பார்த்தால் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி நிறைந்தால் சுமார் 190 லிட்டர். வாரம் கால் பங்கு மாற்றினால் 48 கிலோ இறங்கவேண்டும், 48 கிலோ ஏறவேண்டும். ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 5 டன். கூடத்தில் அழகுக்கு வைத்த பொருளுக்காக ஒரு சிறிய லாரிச் சுமையை ஆண்டுதோறும் படியேற்றி இறக்குகிறோம். கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட அப்பர் பெருமான் மிதந்து வந்து கரையேறிய ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர். கல் மிதந்த ஊரில், தண்ணீரே கல்லாகக் கனக்கும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

எடை மட்டும் காரணமல்ல. எவ்வளவு தூரத்தில் பிடித்துத் தூக்குகிறோம் என்பதுதான் முதுகுக்கு முக்கியம். முதுகுத் தசை முதுகெலும்புத் தட்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் நின்று இழுக்கிறது. நீங்கள் 40 சென்டிமீட்டர் முன்னால் கையை நீட்டி 20 லிட்டர் பக்கெட்டைத் தூக்கினால், ஏற்றத் துலா கணக்குப்படி அந்தத் தசை எட்டு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். அதாவது 160 கிலோ. குனிந்த உடலின் எடை இதற்கு மேல். தொட்டி விளிம்புக்கு மேலே கையை நீட்டிப் பக்கெட்டைக் கவிழ்க்கிறோமே, அதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சுமை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் விலகினாலே அது பாதியாகிவிடும். தரையிலிருந்து எடுத்தால், இடுப்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். உள்ளே எடை இடம் மாறிக்கொண்டே இருக்கும் திரவப் பாத்திரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவர்களே விலக்கி வைத்திருக்கிறார்கள். அரைப் பக்கெட் தளும்பும்போது கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே முதல் பரிகாரம் தூக்காமல் இருப்பது. இதற்குப் பெரிய செலவு இல்லை. தோட்டத்துக்கு வாங்கும் அரை அங்குல ஹோஸ் பைப் போதும். அதன் ஒரு முனை தொட்டிக்குள்ளும் மறு முனை தொட்டித் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்வாகவும் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். மாடியிலிருந்து ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்கே இறக்கிவிடலாம். வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். பைப்பை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கீழே இறக்கி விடுங்கள், அவ்வளவுதான். நன்னீர்த் தொட்டியின் பழைய தண்ணீரில் செடிக்கு வேண்டிய சத்து இருக்கிறது, வாழைக்கும் மல்லிக்கும் நல்லது. மீனுக்கு மருந்து போட்ட தண்ணீரும் உப்புத் தண்ணீரும் செடிக்கு ஆகாது. மீனோடு சேர்த்துக் கெடிலம் ஆற்றிலோ கோயில் குளத்திலோ விடவும் கூடாது.

நிரப்புவதற்கும் அதே பைப். மாடித் தொட்டிக் குழாயில் மாட்டினால் அழுத்தம் போதும். குளோரின் போக ஒருநாள் திறந்து வைக்க வேண்டுமென்றால், டிரம்மை மீன்தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, பைப்பால் அதை நிரப்பி, மறுநாள் தண்ணீருக்குள் போடும் சிறிய மோட்டாரால் ஏற்றுங்கள். மோட்டார்ப் பெட்டியில் அதிகபட்ச உயரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் துளியும் வராது, ஆகவே தேவையைப் போல இரண்டு மடங்கு உயரம் போட்டிருப்பதை வாங்குங்கள். பைப் முனையைத் தொட்டிக்குள் ஆழமாக மூழ்க விடாமல் விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் மின்சாரம் நின்றவுடன் தொட்டித் தண்ணீர் டிரம்முக்கே திரும்பி ஓடி, தரை முழுக்கப் பரவும்.

டிரம்மும் பக்கெட்டும் வைக்கும் வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மூடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைக்குத் தலைப்பக்கம்தான் பாரம் அதிகம். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது, கத்தவும் முடியாது. மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். அதே டிரம் ஒரு வாரத்துக்கு மேல் தேங்கினால் டெங்குக் கொசு பிறக்கும் இடமாகவும் ஆகிவிடும்.

தூக்கியே ஆகவேண்டிய நாளும் வரும். அன்று பெரிய பக்கெட்டை எடுக்காதீர்கள். மூடி போட்ட 10 லிட்டர் கேன் போதும், நடை இரண்டு கூடினாலும் பரவாயில்லை. முதலில் வழியைத் துடைத்துக் காயவிட்டு, மிதியடிகளை அகற்றுங்கள். சமதளத்தில் இரண்டு கையிலும் சம எடை. படியில் ஒரு கையில் மட்டும், மறு கை கைப்பிடியில். கர்ப்பிணிகள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் இருப்பவர்கள், பிள்ளைகள் யாரும் இதைத் தொடவேண்டாம்.

தண்ணீரில் கை வைப்பதற்கு முன் பில்டர், ஹீட்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். ஹீட்டர் ஆற 15 நிமிடம் விடுங்கள். சூட்டோடு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக்கூடாது. ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லியாம்ப் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேளுங்கள். சாதாரண எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

காயம் பற்றி: இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், படுத்தே கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் போகாமல் நின்றாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. சுளுக்கு வழிப்பவரிடம் போய் ஒரு நாளை இழந்தால் அந்தக் கால் திரும்பாமலே போகலாம். அடிவயிற்றில் புடைத்த கட்டி உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தாலும் அப்படியே, 108ஐ அழையுங்கள். மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்று அறிந்த மருத்துவமனை இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டித் தண்ணீரில் அளைந்தால் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி புகுந்து, சில வாரம் கழித்து விரலிலோ முழங்கையிலோ ஆறாத முடிச்சுகளாக எழும்பும். மருந்து மாதக்கணக்கில் தேவைப்படும். வீட்டில் மீன் வளர்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த எண்ணமே வரும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடியிருப்புத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கும்படி இந்தியத் தர விதி சொல்கிறது. நான் சொன்ன மூன்றடித் தொட்டியின் தண்ணீர் மட்டுமே தன் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 கிலோ அழுத்துகிறது. அதற்காகத் தளம் உடனே இடிந்துவிடாது. ஆனால் சுவரோரமாக, கீழே பீம் போகும் இடமாகப் பார்த்து வையுங்கள். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஊறினால் பொறுப்பு உங்களுடையது. அந்தக் கோபத்தில் உரிமையாளர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்த முடியாது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். தொட்டியே விரிசல்விட்டு வந்திருந்தால் பில்லும் படமும் இருக்கட்டும்: நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

இப்போது அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் காயம் உண்டாக்கத்தக்க பாரத்தை யாரையும் தூக்க வைக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. 1967இல் உலகத் தொழிலாளர் அமைப்பும் அதிகபட்ச எடைக்கென்றே உடன்படிக்கை செய்தது. இவை எதுவும் நம் வீட்டுப் படிக்கட்டை எட்டுவதில்லை. வீட்டு வேலையாட்களுக்கென நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லாததைக் கவனித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில், அதை ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. சட்டம் வரும்வரை அவர்கள் முதுகு காத்திருக்காது.

இருப்பதைப் பயன்படுத்தலாம். 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007இல் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து, மரணம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு, பதிந்திருந்தால்தான் உண்டு. என்ன வேலை செய்கிறார் என்ற சான்று வேண்டும் என்பதால் அதைக் கேட்டால் தட்டிக் கழிக்காமல் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் கேன் போடும் கடைப் பையனும் மீன்கடை ஊழியரும் வேலையில் அடிபட்டால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை இப்படி வேலைக்கு வைப்பது குற்றம், 1098க்குச் சொல்லலாம். பெண்கள் எவரும் வருமானக் கணக்கு இன்றி இலவசச் சட்ட உதவி பெறலாம், எண் 15100. வேலைக்கு வருபவர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன்: பாரமாக இருந்தால் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. அடிபட்டால் அன்றைய தேதி போட்ட மருத்துவச் சீட்டில், எங்கே எப்படி விழுந்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

அந்த ஆறு வாரத்துக்கு மூன்று வீட்டுச் சம்பளத்தையும் நாங்கள் கொடுத்தோம். அதுவும் தாமதமாகத்தான். வாரியத்தில் பதிவதற்கான தாள்களையும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பினோம். தண்ணீர் இப்போது பைப்பில் ஏறி இறங்குகிறது. ஆனால் அக்காவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடிவதில்லை. எங்கள் வீட்டில் துணி பிழிவது இப்போது என் வேலை. மற்ற இரண்டு வீடுகளில் அவர் இன்னும் பிழிந்துகொண்டிருக்கிறார்.