கரிமூட்டத்தில் கிடந்த விடை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனால், வழியெல்லாம் சீமைக்கருவேலம்தான். கண்மாய்க்குள்ளும் கரையிலும் குண்டாற்றுப் படுகையிலும் தரிசாய்ப் போன கரிசல் காட்டிலும் அதே முள், அதே பச்சை. இந்த மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று சேதிகள் வந்து விழும். காமராசர் காலத்தில் வந்தது. கரியமில வாயுவை மட்டுமே விடுகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது. பல வருடம் நானும் இதையெல்லாம் நம்பினேன், பிறருக்கும் சொன்னேன்.

முதல் சேதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த பெடோம் இந்த விதையைக் கேட்டுக் கடிதம் எழுதியது 1876இல். மறு வருடமே கடப்பைப் பக்கம் விதை ஊன்றிவிட்டார்கள். காமராசர் பிறந்தது 1903இல். விறகுக்கும் வேலிக்கும் என்று பிற்பாடு இதைப் பரப்பியது தனிக் கதை.

இரண்டாவது சேதிக்கு விடை தேடி நாம் எந்த ஆய்வகத்துக்கும் போக வேண்டாம். இந்தப் பக்கத்துக் காடுகளில் புகைந்துகொண்டிருக்கும் கரிமூட்டம் போதும். வெட்டிய விறகை அடுக்கி, இலைதழை போட்டு மூடி, மேலே மண்ணை அப்பி, காற்று அளவாகப் போகும்படி தீ வைக்கிறார்கள். நாள் கணக்கில் புகைந்து அடங்கிய பிறகு பிரித்தால் கரி. அந்தக் கரியில் பெரும்பங்கு கார்பன். மரத்துக்கு அது எங்கிருந்து கிடைத்தது? மண்ணிலிருந்து அல்ல. பகல் வெளிச்சத்தில் இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலிருக்கும் கார்பனைத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜனை வெளியே விடுகிறது. இரவில் கொஞ்சம் கரியமில வாயு விடுவது உண்மைதான். வேம்பும் புளியும் அதைத்தான் செய்கின்றன. லாரியில் ஏறும் ஒவ்வொரு கரிமூட்டையும் இந்த மரம் காற்றிலிருந்து எடுத்ததற்குச் சாட்சி. இதை உணர்ந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை தடவை அந்தப் புகையைக் கடந்து போயிருக்கிறேன்!

மூன்றாவதுதான் ஆழமானது. ஒரு உச்சிவெயிலில், இலை அடர்ந்த கொப்பு ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வாயை இறுக்கிக் கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பை உள்பக்கம் வியர்த்தது, பிறகு சொட்டுச் சொட்டாய் அடியில் தண்ணீர் சேர்ந்தது. இலை தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. வேர் மண்ணிலிருந்து எடுக்கிறது, இலை காற்றுக்குக் கொடுக்கிறது. நாம் சொல்லிவந்த கதையில் திசையே தலைகீழ்.

மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது என்று நினைத்தவர்கள் நாம் மட்டும் இல்லை. சிலி நாட்டு அடகாமா பாலைவனத்தில் இதன் உறவு மரமான தமருகோ காற்றின் ஈரத்தைக் குடித்து வாழ்கிறதோ என்று ஆராய்ச்சியாளர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அளந்து பார்த்தார்கள். நிலத்தடி நீரை நம்பி நிற்கிறது என்று தெரிந்ததும் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். அறிவியலில் நான் மயங்குவது இந்த நேர்மைக்குத்தான்.

அதற்காக மரம் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, இதே இனக்கூட்டத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் தென்பட்டதாக 1963இல் பதிவானது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் சீமைக்கருவேலத்தின் தண்டில் கருவி பொருத்தி நீரோட்டத்தை அளந்ததில், மற்ற செடிகள் காய்ந்து ஓய்ந்த கோடையிலும் அது நீரை இழுத்துக்கொண்டே இருந்தது. குற்றம் நிலத்தடியில் நடக்கிறது. நாம் வானத்தைப் பார்த்துப் பழி சொல்லிக்கொண்டிருந்தோம்.

எந்தக் காரணமாக இருந்தால் என்ன, வெட்டினால் சரிதானே என்று கேட்கலாம். சரியில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராக மரத்தை அகற்றினார்கள். அறிவியல் ஆதாரம் பற்றிய கேள்வி எழுந்து, அதே வருடம் இடைக்காலத் தடையும் வந்தது. ஆனால் வெட்டுவதால் மட்டும் இந்த மரம் ஒழியாது. தரையோடு வெட்டிய இடத்தில் மண்ணுக்குள் தூரில் உறங்கும் மொட்டுகள் விழித்து, ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். இனிப்பான காயை ஆடுமாடு தின்ன, விதை சேதமில்லாமல் சாணியோடும் புழுக்கையோடும் அடுத்த காட்டில் விழும். மண்ணில் விழுந்த விதை வருடக்கணக்கில் காத்திருக்கும். மழையை விரட்டும் மரம் என்று கோபத்தில் வெட்டுகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. அது பரவும் வழியை அறிந்தவர்தான் தூரைத் தேடுவார், காயைத் தேடுவார்.

ஆகவே இந்த மரத்தை அகற்றக் கண்மாயில் இறங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. காய் முற்றுவதற்கு முன் இறங்குங்கள். மண்ணைப் பறித்துத் தூரோடு எடுங்கள். எடுத்த இடத்தை வெறுமனே விடாமல் கரையில் பனையும் வேம்பும் வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஒரு நடை போய், முளைத்திருக்கும் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு வாருங்கள்.