நுண்ணுயிர்களுக்கும் மருந்துகளுக்கும் உள்ள உறவைக் கணினி ஊகிக்குமா?

ஜப்பானில் 1993ஆம் ஆண்டு அக்கி நோய்க்கான சொரிவுடின் என்ற புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. சில வாரங்களுக்குள், அதை உட்கொண்டவர்களில் குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். அவர்கள் புற்றுநோய்க்காக 5-ஃப்ளூரோயுராசில் வகை மருந்துகளையும் உட்கொண்டு வந்தவர்கள்.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சொரிவுடினை வேறொரு பொருளாக மாற்றியிருந்தன. புற்றுநோய் மருந்தைச் சிதைத்து அகற்றும் கல்லீரல் நொதியை அப்பொருள் முடக்கியது. அம்மருந்து உடலிலேயே தேங்கி நஞ்சானது. இத்தனைக்கும் அந்த பாக்டீரியாக்கள் நோய்க்கிருமிகள் அல்ல, எல்லோர் குடலிலும் குடியிருப்பவை.

இத்தகைய உறவுகள் அரிதானவை அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியாக்கள் மீது சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டிபயாடிக் அல்லாத, மனித உடலில் செயல்படவே உருவாக்கப்பட்ட மருந்துகளில் 24 சதவீதம், ஏதேனும் ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியையாவது தடுத்தன. மறுதிசையில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 271 மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குடல் பாக்டீரியாக்கள் வேதியியல் ரீதியாக மாற்றியமைப்பது தெரிந்தது.

ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு நுண்ணுயிருடன் சேர்த்துச் சோதிப்பது நடைமுறையில் இயலாத காரியம். இங்குதான் இயந்திரக் கற்றல் எனப்படும் கணினி முறை நுழைகிறது.

இத்துறையில் பரவலாகப் பயன்படும் எம்.டி.ஏ.டி. என்ற தரவுத்தொகுப்பில் 1,373 மருந்துகளும் 173 நுண்ணுயிர்களும் உள்ளன. இவற்றை ஓர் அட்டவணையாக அமைத்தால் 2,37,529 கட்டங்கள் வரும். அவற்றுள் சோதனையில் உறுதியான தொடர்புகள் 2,470 மட்டுமே, அதாவது சுமார் ஒரு சதவீதம். வேதிக் கட்டமைப்பில் ஒத்த மருந்துகள் ஒத்த நுண்ணுயிர்களிடம் ஒரேவிதமாக நடந்துகொள்ளக்கூடும் என்ற அனுமானத்தில், எஞ்சிய கட்டங்களுக்குக் கணினி மதிப்பெண் இடுகிறது. தெரிந்த தொடர்புகள் சிலவற்றை மறைத்துவைத்து, அவற்றை அது கண்டுபிடிக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள்.

பல ஆய்வுகள் இதில் மிக உயர்ந்த துல்லியத்தை அறிவிக்கின்றன. ஆனால் அதை அப்படியே ஏற்பதற்கில்லை. வெற்றுக் கட்டம் என்றால் தொடர்பு இல்லை என்று பொருளல்ல. எவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். தவிர, ஈ-கோலை போல அதிகம் ஆராயப்பட்டவற்றையே கணினி மீண்டும் மீண்டும் முன்னிறுத்தும் அபாயமும் உண்டு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சற்று வேறு வழியில் சென்றனர். அவர்கள் ஏடுகளில் இருந்து தரவைத் திரட்டவில்லை. 2,335 மூலக்கூறுகள் ஈ-கோலையின் வளர்ச்சியைத் தடுக்கின்றனவா என்று தாங்களே அளந்து, அதைக் கணினிக்குக் கற்பித்தனர். முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட ஒரு மூலக்கூறை அது சுட்டிக்காட்டியது. 2020இல் ஹாலிசின் என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட அம்மூலக்கூறு, மருந்துகளுக்கு அடங்காத பல பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடத்தில் கொன்றது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் மட்டும் தோற்றது. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. இதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சினை எகர்தெல்லா லென்டா என்ற குடல் பாக்டீரியா செயலிழக்கச் செய்கிறது. ஆனால் குறிப்பிட்ட மரபணுக்களைக் கொண்ட ரகங்களே அவ்வாறு செய்கின்றன என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. புரதம் மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட எலிகளில் அந்தச் செயலும் மட்டுப்பட்டது. இனத்தின் பெயரை மட்டும் பதிவுசெய்யும் அட்டவணையில் இவை அனைத்துக்கும் ஒரே கட்டம்தான்.