மலையேறும் காற்றும் மலைவாழ் மக்களும்



ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூரில் வந்து இறங்குங்கள். தெருவில் புழுதி பறந்துகொண்டிருக்கும். மேற்கிலிருந்து வீசும் காற்று வறண்டிருக்கும். ஆனால் அதே மேற்குத் திசையில் நிமிர்ந்து பார்த்தால், மலைமுகட்டின்மேல் மேகம் போர்வையைப்போலப் படுத்துக் கிடப்பதைக் காணலாம். அங்கே சாரல், இங்கே புழுதி. இரண்டுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் மலைச்சாலைதான்! இது எப்படி? விடையைப் புத்தகத்தில் தேடுவதைவிட, போடிமெட்டு வரை ஒருநாள் போய்வந்தே கண்டுபிடிக்கலாம். வாருங்கள்.

பயணத்துக்கு மூன்று கருவிகள் போதும்: ஒரு வெப்பமானி, மூடியுள்ள ஒரு காலி பிளாஸ்டிக் புட்டி, காற்றடைத்து மூடிய வறுவல் பொட்டலம் ஒன்று. பொட்டலத்தைத் திரும்பி வரும்வரை பிரிக்கக் கூடாது!

ஏறும்போது நடப்பது என்ன?

போடி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முந்தல் என்னும் அடிவார ஊரைக் கடந்ததும் சாலை ஏறத் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்குள் நாம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்ந்துவிடுவோம்.

பாதி வழியிலேயே காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் 'பட்'டென்று திறக்கும். பைக்குள் இருக்கும் பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள். தலையணையைப்போல உப்பியிருக்கும். உள்ளேயிருக்கும் காற்று கூடவில்லை. வெளியேயிருந்து அதை அமுக்கும் காற்றுதான் குறைந்துவிட்டது. போடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடன் அழுத்துகிறது. மேலே போனதும் அதில் சுமார் 100 கிராம் குறைந்துவிடும். நமக்குக் கீழே விட்டுவந்த 1,000 மீட்டர் காற்றுத் தூணின் எடைதான் அது.

இதனால் சமையலறையிலும் ஒரு மாற்றம் ஏற்படுகிறது. போடியில் ஏறத்தாழ 99° செ.-இல் கொதிக்கும் நீர், போடிமெட்டில் 95½° செ. அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. ஆகவே பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும்.

இப்போது வெப்பமானியை நிழலில் பிடித்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5° செ. வெப்பநிலை குறையும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் ஆடி மாதத்தில் இந்தச் சரிவில் அதைவிடக் கூடுதலாகவே குறைவதைக் காணலாம். காரணம், முதலில் கேட்ட கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

மழை மறைவின் கணக்கு

சைக்கிள் பம்பால் காற்றடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? அழுத்தப்படும் காற்று சூடேறும். விரியும் காற்று குளிரும். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைமீது ஏறும்போது, அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் நீர்த்துளியாக மாறாதவரை, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10° செ. குளிரும். மேகம் உருவாகத் தொடங்கிவிட்டால் கதை மாறும். நீராவி நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஆகவே அதன்பிறகு கிலோமீட்டருக்கு 5° அளவே குளிரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடலோரத்தில் காற்றின் வெப்பநிலை 28° செ. என்று கொள்வோம். முதல் 500 மீட்டர் ஏறும்போது 5° குறைந்து 23° ஆகிறது. அங்கே மேகம் பிறக்கிறது. அடுத்த 1,000 மீட்டரில் மேலும் 5° குறைந்து, 1,500 மீட்டர் முகட்டில் 18° ஆகிறது. தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிட்ட காற்று, இனி போடியை நோக்கி 1,150 மீட்டர் இறங்க வேண்டும். இறங்கும் காற்று அழுத்தப்படும். ஈரம் இல்லாததால் கிலோமீட்டருக்கு 10° வீதம் சூடேறும். 18-உடன் 11½-ஐக் கூட்டுங்கள். போடியில் அது 29½° செ.! அதே காற்று, மேற்குச் சரிவில் அதே 350 மீட்டர் உயரத்தில் இருந்தபோது 24½° தான் இருந்தது. 5° வெப்பத்தை அது வழியில் வாங்கிக்கொண்டது. விலையாகக் கொடுத்தது மழையை!

இதையே மழை மறைவு என்கிறோம். மூணாறுப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்ய, தேனிப் பகுதிக்குக் கிடைப்பதோ 800 மில்லிமீட்டர் அளவே. இங்கே வயலுக்கு வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்ப வேண்டும்.

போடிமெட்டில் நின்று மேற்கே பாருங்கள். மரநிழலில் ஏலச்செடிகள், அப்பால் தேயிலை. கிழக்கே பாருங்கள். காய்ந்த புல்வெளிச் சரிவு, அடியில் போடி. ஒரே முகட்டின் இருபுறத்திலும் இரண்டு உலகங்கள்!

மலையைத் தாண்டியவர்கள்

இந்த மலைச்சுவரை மனிதர்கள் விட்டுவைத்தார்களா? இல்லை. மேற்கே பாய்ந்த பெரியாற்று நீரை அணையில் தேக்கி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895-இல் அந்த அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்கள் இன்று குடிப்பது, மலைக்கு அப்பால் பெய்த மழையைத்தான்.

பென்னிகுயிக்குக்குப் பல தலைமுறைகள் முன்பே மலையேறியவர்களும் உண்டு. முதுவர் என்னும் பழங்குடியினர், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் அப்பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. மூணாற்றைச் சுற்றியுள்ள மலைகளிலும் போடி மலைகளிலும் அவர்களுடைய குடிகள் உள்ளன. பேசுவது தமிழை ஒட்டிய ஒரு மொழி. கேழ்வரகு, அவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டுவந்த தானியம்.

பழனி மலைகளிலும் வருசநாடு, மேகமலைப் பகுதிகளிலும் வாழ்பவர்கள் பளியர். காட்டுக் கிழங்கும் மலைத்தேனும் இவர்களுடைய பழைய வாழ்க்கைக்கு ஆதாரங்கள். இவர்களிடம் ஒரு விந்தையான கடிகாரம் இருந்தது என்பார்கள். அது நீலக்குறிஞ்சி! 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுதும் பூக்கும் இந்தச் செடியைக் கொண்டே வயதைக் கணக்கிட்டார்களாம். ஊசல் ஒரு வினாடியை அளக்கிறது; குறிஞ்சி 12 ஆண்டுகளை அளக்கிறது. சீராக மீண்டும் மீண்டும் நிகழும் எதுவும் கடிகாரமாகலாம் என்ற இயற்பியல் உண்மைக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு உண்டா? மூணாறு மலைகளில் 2006-இலும் 2018-இலும் குறிஞ்சி பெருமளவில் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம். உங்களுக்கு வயது பதினைந்து என்றால், நீங்கள் ஒன்றேகால் குறிஞ்சி!

இவர்களுடைய குடியிருப்புக்குப் போக நேர்ந்தால், ஒருவர் வீட்டுக்குப் போகும் மரியாதையுடன் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காட்டைப்பற்றிக் கேளுங்கள். நாம் ஒருநாளில் வெப்பமானியைக்கொண்டு படித்ததை, அவர்கள் வாழ்நாள் முழுதும் படித்தவர்கள்.

மறக்கக் கூடாத ஒரு நாள்

பயணத்துக்கு ஆடி மாதத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சாரல் மட்டும் காரணமல்ல. 2018 மார்ச் 11 அன்று, போடிக்கு வடமேற்கே உள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்கள் அதில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் இளைஞர்கள்.

ஏன் இத்தனை வேகம்? மழை மறைவுச் சரிவு அது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிட, மார்ச்சில் புல் காய்ந்து சருகாகிவிடும். சமதரையில் எரியும் தீயின் சுடர் நேராக மேலே எழும். சரிவிலோ, சுடர் மேட்டுப்பக்கத்துப் புல்லுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. வெப்பக் கதிர்வீச்சும் மேலெழும் சூடான காற்றும் அந்தப் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகின்றன. தீ தொடுமுன்பே அது பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும்! சரிவு 10° கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்பு வல்லுநர்களின் பொதுக்கணக்கு. 20° சரிவில் நான்கு மடங்கு. மனிதனுக்கோ, சரிவு கூடக்கூட ஓடும் வேகம் குறைகிறது.

ஆகவே நினைவில் வையுங்கள். கீழிருந்து தீ வரும்போது, மேல்நோக்கி ஓடி அதை வெல்ல முடியாது. பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறையையோ முன்பே எரிந்து ஆறிய நிலத்தையோ அடைய முயல வேண்டும். குறுகிய ஓடைப்பள்ளங்கள் புகைபோக்கியைப்போல் தீயை மேலே இழுக்கும். அவற்றில் இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோடையில் காய்ந்த புல்மலைக்குப் போகாமல் இருப்பதே அறிவு. மலையேற்றத்துக்கு 2018-இலேயே தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியும் வழி தெரிந்த துணையும் இன்றிக் காட்டுப்பாதையில் கால் வைக்காதீர்கள்.

இறங்கும்போது

மாலையாகிவிட்டது. புறப்படுமுன், காலிப் புட்டியைப் போடிமெட்டுக் காற்றில் நன்றாகத் திறந்து பிறகு இறுக மூடிக்கொள்ளுங்கள். போடி வந்து சேரும்போது அதன் பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். அடைபட்ட மலைக்காற்றைக் கீழ்க்காற்று அமுக்கிவிட்டது. பருவக்காற்றும் இதே சரிவில்தான் இறங்கியது, அமுக்கப்பட்டுச் சூடேறியது. காலையில் உங்கள் முகத்தில் புழுதியை வீசிய காற்று அதுதான்.

இனி மலையுச்சியில் மேகத்தைக் காணும்போதெல்லாம், வெப்பமானி கையில் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா?