சிறு அலுமினிய மீன்பிடிப் படகு: பராமரிப்பும் மேம்படுத்தலும்

சிறு அலுமினிய மீன்பிடிப் படகு என்பது ஏரி, ஆறு, நீர்த்தேக்கம் போன்ற நீர்நிலைகளில் பொழுதுபோக்காகத் தூண்டிலிட்டு மீன் பிடிக்கப் பயன்படும் திறந்த படகு ஆகும். நீளம் பெரும்பாலும் 12 முதல் 16 அடி வரை இருக்கும். வட அமெரிக்காவில், குறிப்பாக ஏரிகள் நிறைந்த மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. நம் கடற்கரையில் வள்ளமும் ஃபைபர் படகும் பிழைப்புக்கானவை. இது விடுமுறை நாளுக்கானது.

இரண்டாம் உலகப் போரில் விமான உடற்பகுதிகளை அலுமினியத் தகடும் ரிவிட்டும் கொண்டு செய்து பழகிய தொழில்நுட்பமே இப்படகுகளுக்கும் வந்து சேர்ந்தது. போர் முடியும் தறுவாயில் கிரம்மன் விமான நிறுவனம் அலுமினியத் துடுப்புப் படகுகளைச் செய்யத் தொடங்கியது. அலுமினியம் துருப்பிடித்து உதிராது. ஆகவே 30, 40 ஆண்டு பழைய படகுகள்கூட இன்றும் கைமாறுகின்றன. அவற்றை மலிவாக வாங்கி, வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்த்து, புதுத் தளம், மின்மோட்டார், மீன்காட்டி ஆகியவற்றைப் பொருத்திக்கொள்வது அங்கே பலருக்குப் பிடித்த வேலை.

இவ்வேலையில் இரண்டு பகுதிகள் உள்ளன. பராமரிப்பு என்பது பெரும்பாலும் நீரை அது புகக்கூடாத இடங்களில் புகாமல் காப்பது. மேம்படுத்தல் என்பது பெரும்பாலும் படகில் எடையைக் கூட்டுவது. முதலாவதில் தவறினால் பணம் போகும். இரண்டாவதில் தவறினால் படகு கவிழலாம்.

உடற்பகுதியும் ரிவிட்டுகளும்

பழைய படகில் முதலில் தளர்வது ரிவிட்டுகள். அலைகளில் மோதி மோதி அவை இம்மியளவு ஆடத் தொடங்கியதும் நீர் கசியும். கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. படகை இழுவண்டியின் மேல் வைத்தபடியே உள்ளே சில அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றி, வெளிப்புறத்தில் எங்கெங்கே துளி அரும்புகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். படகை நிரப்பிவிடக் கூடாது. ஒரு கனமீட்டர் நீரின் எடை 1000 கிலோ. இழுவண்டியும் படகின் அடியும் அதைத் தாங்கா.

ஆடும் ரிவிட்டை இரண்டு பேர் சேர்ந்து இறுக்கலாம். ஒருவர் வெளித்தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உட்புறம் சுத்தியலால் தட்ட வேண்டும். தலை தேய்ந்துபோனவற்றைத் துளையிட்டு எடுத்து, முனை மூடிய ரிவிட்டைப் போட்டு, நீர்புகாப் பசை பூசுவார்கள்.

பின்பலகை

எஞ்சின் தொங்கும் பின்சுவரின் உள்ளே ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். அலுமினியம் கெடாவிட்டாலும் இப்பலகை உளுத்துப்போகும். எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்சுவர் நெளிந்தாலும், சுத்தியலால் தட்டும்போது மொத்தென்று ஒலித்தாலும் பலகையை மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் பலரும் ஒரு பிழை செய்கிறார்கள். மரம் மக்கக்கூடாது என்று எண்ணி, கடையில் கிடைக்கும் மருந்தேற்றிய பலகையை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். அம்மருந்துகளில் பலவற்றில் செம்புச் சேர்மங்கள் உள்ளன. பலகை நனையும்போது செம்பு அயனிகள் அலுமினியத்தைத் தொடுகின்றன. பள்ளியில் படித்த உலோகங்களின் வினைத்திறன் வரிசையை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்: அலுமினியம் கரைந்து இடம் கொடுக்க, செம்பு படியும். சில ஆண்டுகளில் தகட்டில் ஊசித் துளைகள் தோன்றும். பலகையைக் காக்க முனைந்து படகையே இழப்பது இது. படகின் அடியில் தவறி விழுந்து ஈரத்தில் கிடக்கும் ஒரு செப்பு நாணயமும் இதே வேலையைச் செய்யும். நீர்புகாப் பசையால் ஒட்டிய சாதாரண ஒட்டுப்பலகை அல்லது படகுத்தரப் பலகையை எடுத்து, விளிம்புகளிலும் துளைகளின் உட்புறத்திலும் எப்பாக்சி பூசிப் பொருத்துவதே சரி. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சையும் அலுமினியத்தின் மேல் நேரடியாகப் பூசக்கூடாது.

எஞ்சின்

அவுட்போர்டு எஞ்சினில் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது கீழ்ப்பகுதியிலுள்ள பல்சக்கர எண்ணெய். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். மீன்பிடிப் படகில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அறுந்த தூண்டில் நரம்பு சுழல்விசிறியின் பின்னால் சுற்றிக்கொண்டு, அங்குள்ள ரப்பர் அடைப்பை வெட்டிவிடும். விசிறியைக் கழற்றி அவ்வப்போது பார்த்தால் ஐந்து நிமிட வேலை. பார்க்காமல் விட்டால், புகுந்த நீர் குளிர்காலத்தில் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகி, உலோகக் கூட்டையே பிளந்துவிடும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல்துளையில் வழியும் வரை ஏற்றினால் உள்ளே காற்றுக்குமிழ் தங்காது.

குளிர்நீரை மேலேற்றும் ரப்பர் விசிறி இரண்டு மூன்று ஆண்டுகளில் தன் நெகிழ்ச்சியை இழந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரை மெலிந்தால் அதை மாற்ற வேண்டும். நீரில்லாமல் எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டினாலும் இது கருகும். அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்தால் ஈரத்தை இழுத்து நீர் தனியே அடியில் பிரியக்கூடும். பருவம் முடியும்போது பதப்படுத்தும் திரவம் சேர்ப்பது வழக்கம்.

இழுவண்டி

படகை விட இழுவண்டியை மறப்பவர்களே அதிகம். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை ஏரியின் குளிர்ந்த நீரில் இறக்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உறிஞ்சும். பேரிங் துருப்பிடிக்கும். வழியில் சக்கரம் கழன்று ஓடியது என்னும் கதைகளின் தொடக்கம் பெரும்பாலும் இதுதான். ஆண்டுதோறும் கிரீஸ் மாற்றுவதும், ஏரிக்கரையை அடைந்தவுடன் இறக்காமல் சிறிது நேரம் ஆறவிடுவதும் போதும்.

மின்னிணைப்பு

படகின் உடலையே எதிர்முனைக் கம்பியாகப் பயன்படுத்தக்கூடாது; கார்களில் செய்வது இங்கே அரிப்பை விரைவுபடுத்தும். ஈயம் பூசிய செப்புக் கம்பியே நீடிக்கும். 55 பவுண்டு உந்துவிசையுள்ள 12 வோல்ட் மின்மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். இவ்வளவு மின்னோட்டத்துக்கு மெல்லிய கம்பி போட்டால் சூடாகி உறை உருகும். உருகி அல்லது தானியங்கித் துண்டிப்பானைப் பேட்டரிக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

எடைக் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல், 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் கொள்ளளவுத் தகடு இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்பவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாத படகுக்கு, நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுப்பது பழைய வழக்கம். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 4.67, பின்னத்தை விட்டுவிட்டு 4 பேர். அதுவும் அமைதியான நீரில்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தகட்டில் 4 பேர் என்றும், ஆட்கள், எஞ்சின், பொருள்கள் எல்லாம் சேர்த்து 750 பவுண்டு, அதாவது 340 கிலோ என்றும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் 50 கிலோ. பெட்ரோலுடன் தொட்டி 22. ஈய அமிலப் பேட்டரி 27. மின்மோட்டார் 15. புதுத் தளத்துக்கு 12 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டு, 40. நங்கூரம், தூண்டில், பனிப்பெட்டி 30. ஆக 184 கிலோ. தலா 80 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 344. தகட்டில் 4 பேர் என்று எழுதியிருக்கிறது. இருவரே ஏறியும் 4 கிலோ மிகை. மகனையும் அழைத்துப் போகலாம் என்று தளம் போட்டவருக்கு, அந்தத் தளமே மகனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது தெரிவதில்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எஞ்சின், தொட்டி, பேட்டரி, ஓட்டுபவர் என எல்லாம் பின்னால் சேர்ந்தால் பின்சுவரின் விளிம்பு நீர்மட்டத்துக்கு நெருங்கிவிடும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று எஞ்சினைக் குறைத்தால், படகின் பின்னால் வந்த அலை விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டும். பேட்டரியை முன்னால் கொண்டுபோவது இதற்கு நல்ல தீர்வு. வடம் நீளும் அளவுக்கு அதன் தடிமனையும் கூட்ட வேண்டும். உயர்த்திய தளம் நிற்பவரின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குவதால், படகு பக்கவாட்டில் ஆடும்.

இருக்கைகளுக்கு உள்ளே இருக்கும் நுரைக்கட்டிகளை எடுத்துவிட்டு அங்கே சாமான் வைக்கப் பெட்டி அமைப்பது இன்னொரு வழக்கம். இதை ஒருபோதும் செய்யக்கூடாது. வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்தும்போது நான் மரக்கட்டையைத்தான் காட்டுவேன், இதைக் காட்டியிருக்கலாம். 100 லிட்டர் கனஅளவுள்ள நுரையின் எடை ஏறத்தாழ 3 கிலோ. அது முழுதும் மூழ்கும்போது 100 கிலோ நீரை விலக்கும். 97 கிலோவைத் தாங்கும். படகில் நீர் நிறைந்தாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருப்பது இதனால்தான். ஆனால் பழைய நுரை நீரை ஊறிக்கொண்டு கனத்திருக்கலாம். ஒரு துண்டை வெட்டிப் பிழிந்து பார்த்து, ஈரமாக இருந்தால் மூடிய கண்ணறை கொண்ட புது நுரையை அதே அளவு வைக்க வேண்டும்.

எடையைக் கூட்டாத மேம்பாடுகளும் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுப் பேட்டரி, ஒத்த திறனுள்ள ஈயப் பேட்டரியின் பாதி எடைக்கும் குறைவு, விலைதான் அதிகம். முழுத்தளம் போடாமல் முன்பக்கம் மட்டும் சிறு மேடை அமைக்கலாம். ஓட்டுபவர் உடலில் கட்டிக்கொள்ளும் எஞ்சின் நிறுத்துக் கயிற்றின் எடை சில கிராம். அவர் நீரில் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும், படகு வட்டமடித்து வந்து அவர்மேல் ஏறாது. இக்கருவி பொருத்தப்பட்ட, 26 அடிக்குக் குறைந்த படகுகளை வேகமாக ஓட்டும்போது அதை அணிந்திருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. பழைய எஞ்சின்கள் சிலவற்றில் இந்த அமைப்பு இருக்காது. பெரும்பாலானவற்றில் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.