எழுந்து பார்த்து வாங்குங்கள்

நீலகிரியின் பழைய எஸ்டேட் பங்களா வராந்தாக்களில் ஒரு நாற்காலி கிடக்கும். பிரம்பு பின்னிய நீண்ட சாய்மானம், தரையை ஒட்டித் தாழ்ந்த இருக்கை, முழங்கையைத் தாண்டி முன்னால் நீளும் இரண்டு கைப்பிடிகள். தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்த துரை அந்தக் கைப்பிடிகளின் மேல் காலைத் தூக்கிப் போட்டுச் சாய்ந்துகொள்வார். பிளாண்டர்ஸ் சேர் என்று பழம்பொருள் கடைகளில் இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை. பார்க்க அழகு, சாய சுகம். எழுபது வயதில் அதிலிருந்து எழ முயன்றால்தான், இளவயது உடம்புக்காகவும், கூப்பிட்ட குரலுக்கு ஆள் ஓடிவந்த காலத்துக்காகவும் செய்த சாமான் அது என்று தெரியும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவது சின்ன வேலை இல்லை. பாதங்களைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முன்னால் குனிந்து உடம்பின் எடையைப் பாதங்களுக்கு மேல் கொண்டுவர வேண்டும். பிறகு தொடையின் முன்தசை முழங்காலை நிமிர்த்த வேண்டும். இருக்கை தாழத் தாழ முழங்காலின் சுமை ஏறும். முதுகு சாயச் சாய எடை பின்னுக்குப் போகும். பிளாண்டர்ஸ் சேர் இரண்டையும் ஒருசேரச் செய்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் அமுங்கும் சோஃபாவும் அதற்கு இளைத்ததல்ல. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து, ‘நல்லா மெத்துன்னு இருக்கு’ என்று வாங்கி வருகிறோம். எழுந்து பார்த்து வாங்குபவர் அபூர்வம்.

மலையில் இது சிலரது பிரச்சினை மட்டும் இல்லை. சரிவில் நின்று, முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தே ஆயுளைக் கழித்த பெண்களின் முழங்கால் ஒரு பக்கம். குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி என்று ஓய்வுக்காலத்துக்காகவே வந்து தங்கியவர்கள் இன்னொரு பக்கம். ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாகூட ஓய்வுக்குப் பின் குன்னூரைத்தான் தேர்ந்தெடுத்து, 2008இல் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். பிள்ளைகள் பெங்களூரிலோ கோவையிலோ கடல் தாண்டியோ இருப்பார்கள். ‘அம்மாவால எந்திரிக்க முடியல’ என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் போனதும், அங்கிருந்தபடியே ஆன்லைனில் ஒரு ரிக்ளைனரை ஆர்டர் போடுகிறார்கள். பாசத்தில் குறையில்லை. அளவில்தான் கோளாறு.

ரிக்ளைனரும் வராந்தாவில் பிறந்ததுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரில் எட்வர்ட் நபூஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற இரு உறவினர்கள் 1928இல் மரச்சட்டங்களால் சாய்ந்துகொடுக்கும் ஒரு நாற்காலியைச் செய்தார்கள். அதற்கு மெத்தை தைத்தால் வீட்டுக்குள்ளும் விற்கும் என்று யோசனை வர, லேஸிபாய் என்ற பெயர் உலகமெங்கும் போனது. ஆனால் அது சாய மட்டும் தெரிந்த நாற்காலி. நாம் பேசவேண்டியது எழுப்பிவிடவும் தெரிந்ததைப் பற்றி. லிஃப்ட் சேர், லிஃப்ட் ரிக்ளைனர் என்று கடைகளில் சொல்கிறார்கள். ரிமோட்டை அழுத்தினால் அடியில் உள்ள மோட்டார் ஒரு தண்டை மெதுவாக வெளியே தள்ளும். இருக்கை மொத்தமும் பின்பக்கம் உயர்ந்து முன்னால் சரிந்து, உட்கார்ந்தவரைக் கிட்டத்தட்ட நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடும். வெறும் ‘பவர் ரிக்ளைனர்’ என்று விற்பதில் இந்த வேலை இருக்காது. அதிலும் மோட்டார் உண்டு, ஆனால் அது படுக்க வைக்க மட்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

முதலில் பார்க்கவேண்டியது அளவு. மோட்டார், மசாஜ், தேநீர்க் கோப்பை வைக்கும் குழி எல்லாம் பிறகு. இந்த நாற்காலிகளில் பல, மேலைநாட்டு உடம்பை மனத்தில் வைத்து வடிவமைத்தவை. ஐந்தடிக்கும் குறைவான நம் ஊர்ப் பாட்டி அதில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. முதுகு சாய்மானத்தைத் தொட்டால் முழங்காலுக்குப் பின்புறம் இருக்கையின் விளிம்பு அழுத்தும். அழுத்தாமலிருக்க முன்னால் நகர்ந்தால் முதுகு வளைந்து, போகப்போக வழுக்கி வருவார். வாங்கும் முன் வீட்டில் ஒரு டேப் எடுங்கள். செருப்போடு உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஓர் அளவு. முதுகின் பின்னாலிருந்து முழங்கால் மடிப்பு வரை இன்னோர் அளவு. முதல் அளவு இருக்கையின் உயரத்துக்கு. இரண்டாவது அளவைவிட இருக்கையின் ஆழம் இரண்டு மூன்று விரல்கடை குறைவாக இருக்க வேண்டும். அகலம் அதிகமானால் தாராளம் என்று நினைக்காதீர்கள். கைப்பிடி எட்டாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்கள். கடையில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஒன்றா இரண்டா என்பது அடுத்த கேள்வி. ஒன்றுதான் என்றால் முதுகு சாயும்போது காலும் சேர்ந்தே உயரும். இரண்டு இருந்தால் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காலை மட்டும் தூக்கலாம். டிவி பார்க்க, சாப்பிட, வந்தவரோடு பேச இது வசதி. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பாதம் வீங்குகிறவர்களுக்கும் உதவும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் ஒருவர் இரவெல்லாம் ரிக்ளைனரிலேயே தூங்கினாலோ, அது டாக்டரிடம் போகவேண்டிய சங்கதி. நாற்காலி அதை மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

சமவெளிக் கடைக்காரர் மின்சாரத்தைப் பற்றிப் பேசமாட்டார். மலையில் அதை முதலில் பேச வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளவு வேண்டாம், சாதாரண மழைக்காலக் காற்றில் ஒரு யூகலிப்டஸ் மரம் கம்பி மேல் விழுந்தாலே போதும். கால் உயர, முதுகு சாய்ந்த நிலையில் கரண்ட் போனால், தனியாக இருக்கும் முதியவர் அப்படியே மாட்டிக்கொள்வார். பல மாடல்களில் இரண்டு 9 வோல்ட் பேட்டரி போடும் இடம் இருக்கும். ஒருமுறை இறக்கிவிட அது உதவும். வாங்கிய அன்று போட்ட பேட்டரியை இரண்டு வருடம் கழித்து நம்பக்கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பது இதைவிட மேல். பொதுவாக இந்த மோட்டார் இழுப்பது ஒரு சீலிங் ஃபேன் அளவை ஒட்டிய மின்சாரம்தான். ஊட்டியில் ஃபேனே இல்லை, இன்வெர்ட்டர் எதற்கு என்று இருந்துவிட்ட வீடுகளுக்கு இது ஒரு காரணம். பிளக் பாயின்ட் நாற்காலி போடும் இடத்திலேயே வேண்டும். கூடத்தின் குறுக்கே ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர் விழுவதற்கென்றே போட்ட கயிறு.

குளிரும் ஈரமும் மேலுறையைத் தீர்மானிக்கின்றன. ரெக்ஸின் துடைக்க எளிது. ஆனால் ஜனவரிக் காலையில் அது பனிக்கட்டியாய் இருக்கும், நாளடைவில் உரியவும் செய்யும். துணி கதகதப்பு, ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை வாடை ஏறிவிடும். கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறையே மலைக்கு ஏற்றது. சூடேற்றும் வசதி உள்ள மாடலைப் பார்த்ததும் ஆசை வரும். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது வேண்டாம், சுடுவதே தெரியாது. ஹீட்டரைக் காலடியில் ஒட்டி வைப்பதும் வேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டக்கூடாது என்பதை நீலகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, பனிக்காலத்துச் செய்திகளே சொல்லும். போர்த்தியிருக்கும் கம்பளியும் சால்வையும் மடிப்பில் சிக்காமல் பார்க்க வேண்டும். கால்பலகைக்கு அடியில் நாய்க்குட்டி படுத்திருக்கிறதா என்றும்தான். குளிருக்கு மாட்டிய காலுறையோடு சிவப்பு ஆக்ஸைடு தரையில் கால் ஊன்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நாற்காலி ஆளை நேராகப் பாதத்தின் மேல்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அடியில் பிடிமானம் உள்ள செருப்பு நாற்காலியோடு சேர்த்து வாங்கவேண்டிய சாமான்.

இது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்? அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு இதற்கு வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தமானது. கடுமையான மூட்டுவாதமோ நரம்புத்தசை நோயோ இருந்து, சாதாரண நாற்காலியிலிருந்து தானாக எழவே முடியாது, ஆனால் எழுந்து நின்றுவிட்டால் நடக்க முடியும் என்று மருத்துவர் சொன்னால் பணம் தருவார்கள். அதுவும் எழுப்பும் இயந்திரத்துக்கு மட்டும். மெத்தையும் துணியும் உங்கள் செலவு. மருந்து எது, மரச்சாமான் எது என்று இவ்வளவு கறாராகப் பிரித்த கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நிறுத்தியும் நடக்க முடியாதவருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கொஞ்சம் முயன்றால் எழக்கூடியவருக்கு இந்த நாற்காலி கெடுதலே செய்யலாம். வேலை இல்லாத தசை கரையும்.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 17 அங்குல உயர நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதில் பெண்கள் 10க்கும் ஆண்கள் 12க்கும் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல் என்பது அமெரிக்க அளவுகோல். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டுதான் செய்து பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் கடைக்குப் போகும் முன் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடியே வருகிறது. நாற்காலி வந்த பிறகும் பொத்தானைப் பாதி தூரம் அழுத்தி, மீதியைத் தன் காலால் எழ வைப்பது நல்ல பழக்கம். நின்றதும் நடக்கத் தொடங்காமல் சற்று நிற்கவும் சொல்லுங்கள். எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றுவது வயதானவர்களிடம் சகஜம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இன்னும் சகஜம். மறதி நோய் உள்ளவருக்கு மட்டும் யோசித்து வாங்குங்கள். ரிமோட்டை மறந்து, கால்பலகை நீட்டியிருக்கும்போதே இறங்கப் பார்ப்பார்கள்.

எழுந்தவர் முதலில் எங்கே போவார்? கழிப்பறைக்கு. அங்கே இன்னும் குந்தி உட்காரும் கோப்பைதான் இருக்கிறது என்றால், கூடத்தில் அரை லட்ச ரூபாய் நாற்காலி போட்டுப் பயன் பாதிதான். மேற்கத்திய கோப்பையும் சுவரில் ஒரு கைப்பிடியும் முதலில். அதற்கான செலவும் குறைவு.

கொண்டுவந்து சேர்ப்பது தனிக்கதை. இது ஐம்பது கிலோவை ஒட்டிய கனம். ஊட்டி, குன்னூர் வீடுகள் பலவற்றுக்குச் சாலை மேலே, வாசல் நாற்பது படிக்குக் கீழே. ‘வீட்டு வாசலில் டெலிவரி’ என்பது எந்த வாசல் என்று முன்கூட்டியே கேளுங்கள். சாய்மானம் தனியே கழலும் மாடலென்றால் இரண்டு பேர் இறக்கிவிடலாம். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களின் பழைய வீடுகளில் கதவு தாழ்வு, அறை சிறிது. சாய்வதற்குப் பின்னால் ஓரடிக்கு மேல் இடம் கேட்கும் மாடல் அங்கே சுவரில் முட்டும், சுவரை ஒட்டியே சாயும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். கோவையிலிருந்து என்றாலே ஒரு நாள் போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்க முடிந்தவர்களுக்கு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பலர் இன்று பாட்டிமார்கள். லைன் வீட்டின் ஒற்றை அறையில் லிஃப்ட் சேருக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்காக 2017இல் வந்த மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காதுக் கருவி, கண்ணாடி, பல்செட் எல்லாம் உண்டு. எழுப்பிவிடும் நாற்காலி இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், நியாயமான கோரிக்கைதான். வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முழங்காலுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உயரமும் கைப்பிடியுமே கொடுத்துவிடும். தேயிலைக்கு நிழலாக வளரும் சில்வர் ஓக்கிலேயே உள்ளூர் ஆசாரி ஒருவர் அப்படியொரு நாற்காலியைச் செய்து தருவார். முழங்கால் மடிப்பின் உயரத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கை. பள்ளம் விழாத கெட்டி மெத்தை. அதிகம் சாயாத முதுகு. இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டு, ஊன்றி அழுத்தினால் ஆடாத கைப்பிடிகள். பழைய நாற்காலியே திடமாக இருந்தால் நான்கு கால்களுக்கும் நகராதபடி கட்டை பொருத்தி உயர்த்தினாலும் சரி. முன்கால்களுக்கு நடுவே குறுக்குச்சட்டம் அடிக்க வேண்டாம் என்று மட்டும் ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழும்போது பாதம் பின்னுக்குப் போக அந்த இடம் வேண்டும்.