கோல்ஃப் மைதானமா, குடியிருப்பா? ஹாங்காங்கின் வழக்கும் ஒரு வெப்பக் கணக்கும்

வெப்பவியல் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்க முடிவதில்லை. அருகிலுள்ள புல்தரையில் நிற்க முடிகிறது. ஏன்? "சிமெண்டு வெயிலை அதிகமாக உறிஞ்சுகிறது" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். இந்த விடை தவறு. புல் தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. சிமெண்டுத் தளமும் அதே அளவு, சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவே திருப்பி அனுப்புகிறது. அப்படியானால் புல்லின் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வி ஒரு நகரத்தையே சில ஆண்டுகளாக இரு பிரிவாக நிறுத்தியிருக்கிறது. ஹாங்காங்கின் வடபகுதியில் ஃபான்லிங் என்ற இடத்தில் 1911-இல் திறக்கப்பட்ட கோல்ஃப் களம் ஒன்று இருக்கிறது. பின்னர் மேலும் இரண்டு களங்கள் சேர்ந்து மொத்தப் பரப்பு 172 எக்டேர் ஆயிற்று. அதே நகரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், ஒரே வீட்டைப் பல தடுப்புகளாகப் பிரித்த சிற்றறைகளில் வாழ்கிறார்கள். அரசின் வாடகை வீடு கிடைக்கச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. "சிலர் பந்தடிக்க இத்தனை நிலமா?" என்ற குரல் எழுந்ததில் வியப்பில்லை.

நிலத் தேவையை ஆராய்ந்த குழு ஒன்று 2018-இல் மக்களின் கருத்தைக் கேட்டது. களத்தின் ஒரு பகுதியான 32 எக்டேரைத் திரும்பப் பெறலாம் என்ற பரிந்துரையை அரசு 2019-இல் ஏற்றது. அதில் 9 எக்டேரில் சுமார் 12,000 வீடுகள் கட்டுவது திட்டம். எஞ்சிய பகுதியில் பழைய மரங்களும் ஈரநிலமும் உள்ளன. அதைத் தொடுவதில்லை என்றார்கள். 2023 செப்டம்பர் 1ஆம் நாள் நிலம் அரசின் கைக்கு வந்தது.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பணக்கார ஆட்டக்காரர்கள் அல்லர். இயற்கை ஆர்வலர்கள் மரங்களுக்காகவும் பறவைகளுக்காகவும் பேசினார்கள். களத்துக்குள்ளேயே பக்கத்துக் கிராமத்தாருடைய முன்னோர்களின் பழங்காலக் கல்லறைகளும் இருக்கின்றன.

இனி நம் கணக்குக்கு வருவோம். புல்லும் மரமும் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக வெளிவிடுகின்றன. ஈரமான நிலத்தில் கோடை நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோகிராம் நீர். 9 எக்டேர் என்பது 90,000 சதுர மீட்டர். ஆக 3,60,000 கிலோகிராம். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளில் 2,40,000 கிலோவாட் மணி வெப்பம்! ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி ஒன்று பத்து மணி நேரத்தில் ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 52 கிலோவாட் மணி. அப்படியானால் இந்த 9 எக்டேர் பசுமை, 4,500-க்கும் மேற்பட்ட பெட்டிகளின் வேலையைச் செய்கிறது. பெட்டி வெப்பத்தைத் தெருவில்தான் கொட்டும். நீராவியோ அதை உயரே எடுத்துச்சென்று, மேகமாகக் குளிரும்போது அங்கே விடுகிறது.

இதைச் சொன்னதும் "ஆகவே வீடு கட்டக்கூடாது" என்று முடித்துவிடலாம்போல் தோன்றும். பொறுங்கள். 90,000 சதுர மீட்டரை 12,000 வீட்டுக்கு வகுத்தால் வீடொன்றுக்கு ஏழரைச் சதுர மீட்டர் நிலம். பத்தடிக்கு எட்டடி அறை ஒன்றின் பரப்பு, அவ்வளவுதான். நாம் இழக்கும் குளிர்ச்சியும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 கிலோவாட் மணிதான். ஒரு பெட்டி நான்கு மணி நேரம் ஓடினால் தீர்ந்தது. இதே குடும்பங்களைத் தாழ்ந்த வீடுகளாக வயல்வெளியில் பரப்பியிருந்தால் அழியும் பசுமை பல மடங்காகும். அடுக்குமாடி நிலத்தைச் சேமிக்கும் கருவி என்பதை இயற்கை ஆர்வலர்கள் சில வேளை மறந்துவிடுகிறார்கள். உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி நின்றால், பகலில் சேர்ந்த வெப்பம் இரவில் வானத்தை நோக்கிக் கதிர்வீசிப் போக வழியின்றிச் சுவர்களுக்கிடையே தங்கும் என்பதும் உண்மை.

மழையைப் பற்றிய வாதத்துக்கும் எண் உண்டு. நிலம் கைமாறிய அதே வாரம், செப்டம்பர் 7ஆம் நாள் இரவு, ஹாங்காங் வானிலை ஆய்வகம் ஒரே மணி நேரத்தில் 158.1 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. அங்கே 1884-இல் பதிவு தொடங்கியது முதல் அதுவே உச்சம். 9 எக்டேரில் அப்படி ஒரு மழை பெய்தால் 1 கோடியே 42 லட்சம் லிட்டர் நீர். மிதமான மழையில் புல்நிலம் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுத் தளம் பத்தில் ஒன்பது பங்கை ஓடவிடும். ஆனால் இத்தகைய பேய்மழையில் மண்ணும் நிறைந்துவிடுவதால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை குறைகிறது. தவிர, ஓடும் நீரைத் தேக்க வழி இருக்கிறது. அதே நகரில் ஹாப்பி வேலி விளையாட்டுத் திடலின் அடியில் 60,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். மேலே சொன்ன நீரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் அது கொள்ளும்.

வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும், செலவு செய்தால், ஓரளவு மாற்று உண்டு என்பதே என் கருத்து. மாற்று இல்லாத ஒன்றும் அங்கே நிற்கிறது. கட்டடம் வரவிருந்த 9 எக்டேருக்கு வெளியே, 32 எக்டேருக்குள், சீனச் சதுப்பு சைப்ரஸ் மரங்களின் சிறு கூட்டம் ஒன்று உள்ளது. இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. ஈரம் மாறாத மண்ணில் வாழ்வது. நிலத்தடி நீர் வேலி போட்ட எல்லையை மதிப்பதில்லை. பக்கத்தில் ஆழமாக அடித்தளம் தோண்டி, மேற்பரப்பைச் சிமெண்டால் மூடினால் நீர்மட்டம் எத்தனை அங்குலம் மாறும்? அந்த ஒரு எண்தான் மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். அதை மேசையில் உட்கார்ந்து கணக்கிட முடியாது. பருவந்தோறும் துளைக்கிணறுகளில் அளந்துதான் அறியவேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு 2023 மே மாதம், மேலும் சில ஆய்வுகள் செய்யவேண்டும் என்ற நிபந்தனைகளுடன் ஒப்புதல் கிடைத்தது. கோல்ஃப் மன்றம் நீதிமன்றம் சென்றது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. வீடு வேண்டுமா, மரம் வேண்டுமா என்று நீதிபதி தீர்ப்புக் கூறவில்லை. அறிக்கைக்குப் பின்னர்த் தரப்பட்ட கூடுதல் விவரங்களைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்கவில்லை என்பதே அவர் கண்ட குறை.