பாடையில் போனவர் எழுந்து நடந்து வருகிறார்!
வலங்கைமானில் விடிய விடிய பறை, தவில், வாணவேடிக்கை

முன்னால் தீச்சட்டி. பின்னால் சங்கு, பறை. நடுவில் பச்சை மூங்கில் பாடை. அதில் உடம்பெல்லாம் திருநீறு பூசி, கை கால் கட்டிய ஓர் ஆள். நாலு பேர் தோளில் தூக்கி வருகிறார்கள்.

புதிதாக வந்த வெளியூர்க்காரர் என்றால் ஒதுங்கி நின்று, "யார் வீட்டுச் சாவு?" என்று மெதுவாகக் கேட்பார். "சாவும் இல்லே, ஒண்ணும் இல்லே. ஆள் உசுரோடதான் இருக்காரு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். வெளியூர்க்காரர் திகைத்துப் போவார்.

இது வலங்கைமான் மகா மாரியம்மன் கோவில் பாடைக்காவடித் திருவிழா. ஒவ்வொரு ஆண்டும் பங்குனி மாதம் 2-வது ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. கும்பகோணத்தில் இருந்து மன்னார்குடி போகும் சாலையில் சுமார் 10 கிலோ மீட்டரில் இருக்கிறது ஊர். முன்பு தஞ்சை மாவட்டம். 1997 முதல் திருவாரூர் மாவட்டம்.

விழா பற்றிய விவரம் வருமாறு:-

என்ன வேண்டுதல்?

வீட்டில் ஒருவர் சாகக்கிடக்கிறார். டாக்டரும் உதட்டைப் பிதுக்கி விட்டார். அப்போது, "தாயே, இவரைப் பிழைக்க வை. பாடைக்காவடி எடுக்கிறோம்" என்று வீட்டார் வேண்டிக் கொள்கிறார்கள். ஆள் பிழைத்தால் கடனைத் தீர்க்க வேண்டும்.

பிழைத்தவர் குடமுருட்டி ஆற்றுப் பக்கம் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு பாடையில் படுக்கிறார். சொந்தக்காரர்கள் தூக்குகிறார்கள். கோவிலை 3 முறை சுற்றுகிறார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்து, திருநீறு கொடுக்கிறார். கட்டு அவிழ்கிறது. "பிணம்" எழுந்து உட்காருகிறது!

பெற்றவள் ஓவென்று அழுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத அழுகை வேறு. இது வேறு.

அம்மை போயிற்று, வேண்டுதல் போகவில்லை

இந்த அம்மனுக்குச் சீதளாதேவி என்றும் பெயர். வடநாட்டிலும் சீதளா என்றால் அம்மை நோய்க்கான தெய்வம். ஒரு காலத்தில் பெரியம்மை வந்தால் ஊரே நடுங்கியது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல் கண்டுபிடிக்கப்பட்டார். 1980-ல் உலகத்தில் இருந்தே அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பு ஊசி செய்த வேலை அது.

ஆனால் மற்ற வியாதிகள் ஒழியவில்லை. விபத்துகளும் நிற்கவில்லை. பாடைகளும் குறையவில்லை.

தூங்காத இரவு

சனிக்கிழமை இரவே கூட்டம் வரத் தொடங்கி விடுகிறது. பங்குனிப் புழுக்கம். இலை அசையாது. வந்தவர்கள் திண்ணையிலும் கடை வாசலிலும் துண்டை விரிக்கிறார்கள். விசிறிக்கும் நீர்மோருக்கும் ஏக கிராக்கி. மைக்கில் ஒரு பக்கம் "நகை பத்திரம், குழந்தை பத்திரம்" என்று அறிவிப்பு. வெடி தயாரிப்புக்குப் பெயர் போன ஊர் இது. வாணவேடிக்கைக்குக் கேட்க வேண்டுமா?

மேளத்துக்கும் பெயர் போன மண். தவில் வித்வான் வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளையை அறியாத ரசிகர் இல்லை. பத்மஸ்ரீ பட்டம் பெற்ற ஏ.கே.பழனிவேலின் அரித்துவாரமங்கலமும் இதே தாலுகாதான். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. தவில்காரருக்குச் சட்டை போட முடியாத அளவு வேர்க்கிறது.

பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டித் தோலை முறுக்கேற்றுகிறார்கள். அந்தச் சூடு தாங்காமல் கூட்டம் நாலடி தள்ளிப் போகிறது. அடி விழுந்ததும் மறுபடி நெருங்கி வருகிறது.

டீக்கடை பெஞ்சில்...

முகம் தெரியாதவர்கள் பேசிக் கொள்வது டீக்கடை பெஞ்சில்தான். ஒருவர் கடனைத் தீர்க்க வந்தவர். பக்கத்தில் இருப்பவர் வேண்டிக்கொள்ள வந்தவர். "எந்த ஆஸ்பத்திரி? எத்தனை நாளா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். "பொழைச்சிடுவாளாண்ணே?" என்றால் யாரால் பதில் சொல்ல முடியும்? போன வருடம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர் இன்று பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். கேட்டவருக்குக் கிடைக்கும் பதில் அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே டீயை முடித்து விட்டு எழுந்து போகிறார்.

வேண்டிக் கொண்டவர்கள் எல்லோரும் பிழைத்து விடுவதில்லை. பிழைக்காதவர்களை யாரும் இந்தப் பாடையில் தூக்கி வருவதும் இல்லை. அப்படிப் பறிகொடுத்த வீட்டாரும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களை அடையாளம் காட்ட எந்த மேளமும் இல்லை.

பறைக்காரர்களுக்கு மறுநாள் பக்கத்து ஊரில் நிஜச் சாவு இருக்கலாம். அதே தோல், அதே கை. ஆனால் அடித்து முடித்ததும் "பிணம்" எழுந்து நின்று கும்பிடுவதை அவர்கள் இங்கேதான் பார்க்கிறார்கள்.

சாமி கும்பிட்டு முடித்ததும் ஈரத்துணியை மாற்றிக் கொண்டு, பிழைத்தவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறார். நாலு பேர் தூக்கி வந்த ஆள் டிக்கெட் வாங்கி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஊர் திரும்புகிறார்!